இறம்பொடையிற் பிறந்த இசைக்குயில்

கண்டி மாநகரிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் நெடுஞ்சாலை முதலிற் பேராதனையைத் தொடுகிறது. அங்கிருந்து கம்பளைக்குச் சென்று, புசல்லாவையின் தேயிலைச் சரிவுகளை வளைந்து வளைந்து கடந்து, ஈற்றில் இறம்பொடையை அடைகிறது. 109 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் அருவியினால் அவ்வூர் பெயர் பெற்றது. ஆனால், அவ்வருவியின் ஓசையிலும் தொலைதூரம் சென்று ஒலித்த வேறோர் ஓசையும் அவ்வூரிலேதான் பிறந்தது. சிங்களத் திரையுலகின் முதற் கதாநாயகியாகவும், இலங்கையின் இசைக்குயிலாகவும் மக்கள் போற்றிய ருக்மணி தேவி அம்மையாரின் குரலே அது.

ஒரே சாலையின் இரு முனைகளில் இரு வகையான இசை வாழ்வு நிலவியது என்று கூறலாம். கீழே, பேராதனையில், கலையை ஆராய்ந்து தரம் பிரித்துக் கூறும் அறிஞர் கூட்டம் உருவாயிற்று. மேலே, மலை முகட்டில், எந்த அளவுகோலுக்கும் அடங்காமல் கேட்டவுடன் நெஞ்சைப் பற்றிக்கொள்ளும் குரல் ஒன்று தோன்றிற்று. மெல்லிசை என்றும் பொழுதுபோக்கு என்றும் ஒதுக்கப்பட்ட பாடல்களையே அக்குரல் பெரும்பாலும் பாடியது. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக மக்கள் அதனைக் கேட்டார்கள்; அப்பாடகி மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது எதனை என்ற வினாவுக்கு அவருடைய வாழ்வே விடை கூறவல்லது.

1923 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். குடும்பம் கொழும்புச் செட்டி வகுப்பைச் சேர்ந்தது, சமயத்தாற் கிறிஸ்தவம். கொழும்புச் செட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து இந்நாட்டில் நிலைத்தவர்கள் என்பதைப் பலரும் அறிவர். அப்பெயரைச் சற்று நோக்குங்கள்: மேனாட்டுப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று, விவிலியத்திலிருந்து வந்த குடும்பப் பெயர் ஒன்று. பின்னாளில் இம்மூன்றையும் விடுத்து, கண்ணபிரானின் தேவியின் பெயரை அவர் மேடைப் பெயராகப் பூண்டார். அந்த நான்காவது பெயரே சிங்கள மக்களின் வீடுகள்தோறும் நிலைத்தது. இவ்வளவு கலப்பும் ஒருவரிடத்தில் இயல்பாக அமைந்திருந்தமை அவருடைய கலை வாழ்வுக்கே முன்னுரை போன்றது.

மலையகம் இந்நாட்டின் மெல்லிசைக்கு அளித்த கொடை சிறிதன்று. ருக்மணி தேவி பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1921 இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள நாவலப்பிட்டியில் சி. டி. பெர்னாண்டோ பிறந்தார். அப்புத்தளையில் 1943 இல் கிளாரன்ஸ் விஜேவர்த்தன பிறந்தார். முன்னவர் வானொலியின் வழியே சிங்கள மெல்லிசைக்கு இனிமை ஊட்டியவர். பின்னவர் அவ்விசைக்கு மின்சாரக் கித்தாரை உரியதாக்கியவர். தேயிலையும் புகைவண்டியும் கொண்டுவந்து சேர்த்த பல இன மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர்கள் அவை. கோயிலின் தவில், விகாரையின் பிரித், தேவாலயத்தின் கீதம், தோட்டத்து லயத்தின் தப்பு ஆகிய ஓசைகள் யாவும் ஒரே பள்ளத்தாக்கிற் கேட்கும் நாடு மலைநாடு. அத்தகைய மண்ணிற் பிறந்தவர்கள் இது நம்முடையது, அது பிறருடையது என்று இசையிற் பெரிதும் வேறுபாடு காட்டாததில் வியப்பில்லை.

டெய்சி சிறுமியாக இருந்தபோதே குடும்பம் கொழும்புக்கு வந்தது. அவருடைய பாடுந்திறனும் நடிக்கும் ஆற்றலும் மிக இளமையிலேயே வெளிப்பட்டன. பதின்மூன்றை எட்டும் முன்பின்னான பருவத்திலேயே இராமாயண நாடகத்திற் சீதையாக மேடையேறினார். அந்நாளில் சிங்கள மேடையை ஆண்டது நூர்த்தி என்னும் நாடக வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைக் கண்டு எழுந்தது அது. ஜோன் டி சில்வா அதனை வளர்த்தார். இந்தியாவிலிருந்து வந்த விசுவநாத் லவுஜி அவருடைய நாடகங்களுக்கு இசை வகுத்தார். 1911 இற் கொழும்பு மருதானையில் எழுந்த டவர் மண்டபம் அதன் தலைமைக் களமாயிற்று. வடநாட்டு இராகங்கள் சிங்களச் சொற்களை ஏற்றன. ஆர்மோனியமும் தபேலாவும் துணை நின்றன. நம்மவர் நாட்டிற் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடை எவ்வாறு பாட்டினாலேயே நடந்ததோ, அவ்வாறே அங்கும் பாட்டே கதையை நடத்தியது. பாடத் தெரியாதவருக்கு அந்த மேடையில் இடமில்லை. இக்காலத்தார் போல ஒலிபெருக்கியின் துணையை நம்பியிராமல், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடவேண்டும். ருக்மணி தேவியின் குரல் உரம் பெற்றது இந்தப் பட்டறையிலேதான்.

மேடை அவருக்குப் பயிற்சி தந்தது. நாடு முழுவதும் அவரை அறியச் செய்தது இசைத்தட்டு. முப்பதுகளின் இறுதியில், எச். டபிள்யூ. ரூபசிங்க என்னும் இசையாசிரியருடன் இணைந்து அவர் முதன்முதலாக ஓர் இசைத்தட்டிற் பாடினார். 'சிரி புத்தகயா விகாரே' என்பது அப்பாடல். புத்தர் பெருமான் ஞானம் பெற்ற புத்தகயாவின் ஆலயத்தைப் போற்றும் பாடல் அது. அந்நாளில் அவ்வாலயம் பௌத்தர்களின் நிருவாகத்தில் இருக்கவில்லை. அநகாரிக தர்மபாலர் 1891 இல் மகாபோதி சங்கத்தைத் தோற்றுவித்து, அதனை மீட்கும் இயக்கத்தை நடத்திவந்தார். அவர் 1933 இல் மறைந்த பின்னரும் அவ்வேட்கை தணியவில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஆலய நிருவாகத்திற் பௌத்தர்களுக்குப் பங்கு கிடைத்தது. எனவே, அப்பாடல் வெளிவந்த காலத்தில் புத்தகயா என்ற பெயரே இலங்கைப் பௌத்தர்களின் உள்ளத்தை உருக்கும் பெயராக இருந்தது.

அத்தகைய பாடலைப் பாடியவர் ஒரு கிறிஸ்தவப் பெண். பிறப்பாற் சிங்களவர் அல்லர். வயதோ இருபதை எட்டவில்லை. ஆயினும் கேட்டவர்கள் அப்பாடலிற் பக்தியைக் கண்டார்களேயன்றிப் பாடியவரின் பிறப்பை ஆராயவில்லை. பிறருடைய ஏக்கத்தைத் தம் ஏக்கமாகக் கொண்டு பாடும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. இதனை நடிப்பு என்று சிலர் கூறலாம். வெறும் நடிப்பு ஒரு முறை ஏமாற்றும்; மறுமுறை கேட்கும்போது வெளிறிவிடும். அந்த இசைத்தட்டோ தலைமுறைகளைக் கடந்தது.

கிராமபோன் பெட்டியின் இயல்பையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்திற் சுமார் மூன்று நிமிடப் பாடலே அடங்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு பல்லவி, ஓரிரண்டு சரணங்கள், இடையே சிறிது வாத்தியம், அவ்வளவுதான். ஆலாபனைக்கு இடமில்லை, விரிவுக்கு நேரமில்லை. முதல் அடியிலேயே கேட்பவனின் செவியைப் பிடித்தாக வேண்டும். உலகெங்கும் மெல்லிசை என்னும் வடிவம் குறுகிய அளவைப் பெற்றதற்கு இந்தத் தட்டின் அளவு ஒரு பெருங் காரணம். அளவு சிறியது என்பதனாற் கலை சிறியதாகி விடுமா? குறளின் அளவை அறிந்த தமிழர்க்கு இதற்கு விடை கூறத் தேவையில்லை.

நீர்கொழும்பைத் தளமாகக் கொண்டு பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழு நாற்பதுகளில் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது. அக்குழுவின் நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்ன, ஆசிரியரின் தம்பி. அவரும் ருக்மணி தேவியும் காதல் கொண்டனர். வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக அம்மையார் அவரை மணந்துகொண்டார். நல்ல குடும்பத்துப் பெண்கள் நாடகமேடை ஏறுவதையே இழிவாகக் கருதிய காலம் அது. நடிகரை மணப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அம்மையார் பின்வாங்கவில்லை. அன்றிலிருந்து இறுதிவரை நீர்கொழும்பே அவருடைய ஊராயிற்று. மலையிற் பிறந்தவர் கடற்கரையில் வேரூன்றினார்.

அடுத்து நிகழ்ந்தது இலங்கைக் கலை வரலாற்றின் ஒரு திருப்பம். சிங்கள மொழியில் ஒரு பேசும் படம் எடுக்க முற்பட்டவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். மினர்வா குழுவின் வெற்றி நாடகமாகிய 'கடவுணு பொறொந்துவ' வைப் படமாக்க அவர் எண்ணினார். 'மீறப்பட்ட வாக்குறுதி' என்பது அத்தலைப்பின் பொருள். நடிகர்கள் யாவரும் மதுரைக்குச் சென்றனர். அங்குள்ள சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோவிலே படம் பிடிக்கப்பட்டது. வங்காளத்தவராகிய ஜோதிஷ் சிங் நெறிப்படுத்தினார், ஆர். நாராயண ஐயர் இசையமைத்தார். 1947 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் அது திரையிடப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டுக்கும் சற்று மேற்பட்ட காலத்துக்கு முன், சிங்கள மக்கள் முதன்முதலாகத் தங்கள் மொழி திரையிற் பேசக் கேட்டனர். அந்த மொழியைப் பேசியும் பாடியும் காட்டிய கதாநாயகிக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

மதுரையில், தமிழரின் முதலீட்டில், வங்காளியின் நெறியாள்கையில், ஐயரின் இசையில், மலைநாட்டிற் பிறந்த தமிழ் வழிப் பெண்ணின் குரலில், சிங்களத் திரை பிறந்தது. இதனைப் பெருமைக்காகவும் சிறுமைக்காகவும் பலர் எடுத்துக் கூறியதுண்டு. இரண்டும் வேண்டா. கலை எவ்வழியிற் பயணம் செய்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று, அவ்வளவே.

அக்காலத்து நட்சத்திரங்கள் பாடி நடித்தவர்கள். தமிழிற் கே. பி. சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும், வடநாட்டில் நூர்ஜஹானும் சுரையாவும் அவ்வாறே விளங்கினர். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் பின்னணிப் பாடல் முறை முழு ஆட்சி பெறாத காலம். ருக்மணி தேவி இந்த மரபின் ஈழத்துப் பிரதிநிதி. முதற் படத்தைத் தொடர்ந்து 'கபடி ஆரக்ஷகய', 'வெறதுணு குருமானம' எனப் பல படங்களில் அவர் நடித்தார். கண்ணீரும் சோதனையும் மலிந்த குடும்பக் கதைகள் அவை. கதை எத்தன்மையதாயினும், அம்மையார் பாடத் தொடங்கியதும் கொட்டகை அடங்கிவிடும்.

வானொலி அவருடைய புகழை மேலும் பரப்பிற்று. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 இலேயே தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனையில் நிறுவினார். தேயிலைக்கும் தலதா மாளிகைக்கும் பெயர் பெற்ற கண்டி, திடீரென்று பன்னாட்டுப் போர்வீரர்களின் ஊராயிற்று. அவர்களுடன் மேனாட்டு நடன இசையும் ஜாஸ் இசையும் மலைநாட்டுக்கு வந்தன. அப்படைகளுக்கென அமைந்த வானொலியின் வலிமை மிக்க பரப்பி, ஜா-எலவை அடுத்த ஏக்கலயில் நிறுவப்பட்டது. 1949 இல் அந்நிலையம் இந்நாட்டின் கைக்கு வந்தது; இலங்கை வானொலி என்னும் பெயர் ஆசியாவெங்கும் ஒலித்தது. மேனாட்டு மெல்லிசையும், இந்தித் திரைப்பாடலும், தமிழ்ப் பாடலும், சிங்களப் பாடலும் ஒரே வானொலிப் பெட்டியிலிருந்து மாறி மாறி ஒலித்தமையால், இந்நாட்டு இளைஞரின் செவி பல இசைக்கும் பழகிற்று. பிற்காலத்து மாற்றங்களுக்கு இதுவே விதை.

1956 ஆம் ஆண்டு பலவற்றை மாற்றியது. அரசியலில், சிங்களம் மட்டும் சட்டம் அவ்வாண்டில் வந்தது. அதன் விளைவுகளை நாம் அனைவரும் அறிவோம். கலையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நவம்பரில் அரங்கேறியது. இந்திய இறக்குமதி எனக் கருதப்பட்ட நூர்த்தியை விடுத்து, கிராமத்து நாடகம் என்னும் கூத்து மரபில் அவர் தம் வேரைத் தேடினார். அந்த நாடகம் என்னும் வகையும் தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது என்பது ஆய்வாளர் முடிபு. பின்னர் அதே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இற் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என நம் கூத்துக்கும் புத்துயிர் அளித்தார். ஆண்டின் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தம்முடைய 'ரேகாவ' படத்தை வெளியிட்டார். ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, இந்நாட்டு வெயிலிலும் வயலிலும் எடுத்த படம் அது.

இவையெல்லாம் உயர்ந்த முயற்சிகள், வேண்டிய முயற்சிகள். ஆனால், புதியதைப் போற்றியவர்கள் பழையதை முற்றாகத் தள்ளினர். மினர்வா நாடகமும் தென்னிந்திய ஸ்டூடியோப் படமும் இரவல் இசையும் ஒருங்கே இகழப்பட்டன. அந்த இகழ்ச்சியின் நடுவே அகப்பட்டது ருக்மணி தேவியின் வாழ்வு. அவருடைய குரலில் எவரும் குறை கண்டாரல்லர். அவர் பாடிய உலகமே பழமைப்பட்டது என்று ஒதுக்கினர். கதாநாயகி வேடங்கள் குறைந்தன. பின்னாளில் துணை வேடங்களே கிடைத்தன. ஒருகால் நாட்டையே ஆண்ட நட்சத்திரம், வாழ்க்கைச் செலவுக்காக ஊர் ஊராகச் சென்று இசை நிகழ்ச்சிகளிலும் களியாட்ட விழாக்களிலும் பாடும் நிலை வந்தது. ஒரு நாட்டின் இரசனை மாறும்போது அதற்கான விலையைச் செலுத்துபவர் கலைஞரே என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அதே காலத்திற் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களிற் கைதட்டியும் கதறியும் பாடிய பக்தி இசை, ஐம்பதுகளில் உலகியற் பாடலுக்குள் நுழைந்தது. ரே சார்ல்ஸ் என்னும் பார்வையற்ற இசைஞர் அதற்கு வழி திறந்தார். தேவ இசைக் குழுவிற் பாடிப் புகழ் பெற்ற சாம் குக், 1957 இற் காதற் பாடலுக்கு வந்தார். டெட்ரோயிட் நகரப் போதகர் ஒருவரின் மகளாகிய ஆரத்தா பிராங்க்லின், 1967 இல் அவ்விசையின் அரசியாகவே முடிசூடினார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சோல். ஆன்மா என்பது பொருள். பின்னர் ஜேம்ஸ் பிரவுன் அதில் தாளத்தை முதன்மையாக்க, பங்க் என்னும் வகை எழுந்தது. நடனக் கூடங்களுக்கு ஏற்ப அது டிஸ்கோ ஆயிற்று. 1977 இன் இறுதியில் வெளிவந்த ஒரு திரைப்படத்தினால் அந்த டிஸ்கோ உலகையே ஆட்டி வைத்தது. அங்கும் கற்றோர் பலர் இவ்விசையை ஆட்டத்துக்குரிய அற்ப இசை என்றே கூறினர். அங்கும் மக்கள் அதனைக் கைவிடவில்லை.

இவ்விசை வகைகளை ருக்மணி தேவி பாடினார் என்று கூறுவதற்கில்லை. ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. பக்திக்கும் காதலுக்கும் உரிய உருக்கம் ஒன்றே என்பதையும், இராகமும் தாளமும் வாத்தியமும் மாறினும் அவ்வுருக்கமே பாட்டின் உயிர் என்பதையும் அமெரிக்காவின் அப்பாடகியர் உணர்ந்திருந்தனர். புத்தகயாவைப் பாடிய குரலாலேயே காதலையும் தாலாட்டையும் துயரையும் பாடிய நம் நாட்டு அம்மையாரும் அதனையே உணர்ந்திருந்தார். ஆன்மா என்று ஓர் இசைக்குப் பெயரிடுவதாயின், அப்பெயர் எந்நாட்டிலும் இத்தகைய குரலுக்கே உரியது.

மேனாட்டின் அலை இக்கரையையும் தொட்டது. 1966 இற் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் என்னும் இசைக்குழுவைத் தொடங்கினர். ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்தில் மின்சாரக் கித்தாரும் தாள முரசும் வந்தன. கூந்தல் வளர்த்த இளைஞர்கள் எளிய சிங்களத்திற் பாடிய மென்மையான பாடல்களைப் பள்ளி மாணவரும் தோட்டத்து இளைஞரும் ஒருங்கே முணுமுணுத்தனர். பெரியவர்கள் முகஞ்சுளித்தனர். நூர்த்தியை இரவல் என்று பழித்தவர்கள், இதனை அதனினும் மோசமான இரவல் என்றனர்.

அந்த இளைஞர்கள் பழைய தலைமுறையைப் பழிக்கவில்லை என்பது கருதத்தக்கது. கிளாரன்ஸ் தம் இசையில் 'மல்பர ஹிமிதிரியே' என்னும் பாடலை ருக்மணி தேவிக்கு அளித்தார். மலர் நிறைந்த வைகறையைச் சுட்டும் தலைப்பு அது. பாடியவருக்கோ வாழ்வின் மாலைப் பொழுது. கிராமபோன் யுகத்தின் குரல் மின்சாரக் கித்தாரின் மேல் ஏறி நின்றது. ஒலிவாங்கியை அணுகி மெல்லப் பாடும் புது முறைக்கு அவர் தம்மைச் சிறிது மாற்றிக்கொண்டார். ஆனால், சொல்லின் தெளிவையும் மேடை தந்த உரத்தையும் விட்டுவிடவில்லை. பழமை புதுமைக்குள் அழியாமல், புதுமையும் பழமைக்கு அஞ்சாமல், இரண்டும் கைகோத்த அப்பாடல் அவருடைய மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்றாக நிலைத்தது. பாட்டியும் பேர்த்தியும் ஒருங்கிருந்து கேட்கத்தக்க பாடல்கள் எந்த மொழியிலும் சிலவே உண்டு. இஃது அவற்றுள் ஒன்று.

இக்கூட்டணியைச் சற்றே ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இரவல் என்னும் குற்றச்சாட்டு இசையில் அவ்வளவு எளிதாக நிற்பதன்று. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வயலினும் அங்கிருந்தே வந்தது. வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை இன்று நினைக்கவும் முடியுமா? ஒரு வாத்தியம் எந்நாட்டிற் பிறந்தது என்பதன்று கேள்வி. அது நம்மவரின் உள்ளத்தைப் பேசக் கற்றுக்கொண்டதா என்பதே கேள்வி. மேடை, இசைத்தட்டு, திரை, வானொலி, மின்சார இசைக்குழு என ஐந்து காலங்களை ருக்மணி தேவி கடந்தார். ஒவ்வொரு காலத்திலும் புதிதாக வந்த கருவி, அவருடைய குரலை அடைந்ததும் இந்நாட்டுக் கருவியாகிவிட்டது.

1978 அக்டோபர் இறுதியில் மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அங்கே பாடிவிட்டு அம்மையார் நீர்கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தீவின் தென்முனையிலிருந்து நெடுந்தூரப் பயணம். வீட்டை அடைய இன்னும் சிறிது தொலைவே இருந்த வேளையில், ஜா-எலவுக்கு அண்மையில் உள்ள துடல்லவில் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. 28 ஆம் திகதி அவர் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. அவருடைய குரலை ஆசியாவெங்கும் ஏந்திச் சென்ற ஏக்கலப் பரப்பி அவ்விடத்துக்கு அண்மையிலேதான் இருந்தது.

செய்தி கேட்டு நாடு கலங்கியது. நீர்கொழும்பை நோக்கி மக்கள் வெள்ளம் திரண்டது. பல ஆண்டுகளாகத் திரையிற் பெரிய வேடம் ஏதும் ஏற்காத ஒருவருக்காக, முதற் படம் வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர்களும் கண்ணீர் வடித்தனர். விமர்சகர் கணக்கிற் பழையவராகிவிட்ட பாடகி, மக்கள் கணக்கில் ஒருநாளும் பழையவராகவில்லை என்பதை அந்த ஊர்வலம் எடுத்துக்காட்டிற்று. நீர்கொழும்பு மண்ணிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 1977 அக்டோபரில், நாவலப்பிட்டி தந்த சி. டி. பெர்னாண்டோவும் மறைந்திருந்தார். கிளாரன்ஸ் விஜேவர்த்தன 1996 டிசம்பரில் மறைந்தார். மலைநாடு தந்த குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அம்மையார் மறைந்து ஐந்தாண்டு கழியுமுன் 1983 வந்தது. பெயரையும் பிறப்பையும் கேட்டு மனிதரைப் பிரித்த அந்நாட்களில், டெய்சி ராசம்மா என்ற பெயரோடு பிறந்தவரின் பாடல்கள் சிங்கள வீடுகளிற் போற்றப்பட்டே இருந்தன. இதனைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. ஒரு குரலைத் தம் குரலாக ஏற்ற மக்கள், அக்குரல் வந்த வழியையும் ஏற்றிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. இசை மனங்களை இணைக்கிறது என்று மேடைகளிற் கூறுவது எளிது. இசை கதவைத் திறக்கும். உள்ளே செல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. சிங்களத் திரையின் நடிகை என்று கூறித் தமிழ் இலக்கிய உலகம் ருக்மணி தேவியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறது. மெல்லிசை என்பதனால் ஒரு புறக்கணிப்பு. வேற்று மொழி என்பதனால் மற்றொரு புறக்கணிப்பு. ஆசிரியர்களும் மாணவர்களும் மலையகத்தின் கலை வரலாற்றைத் தொகுக்கும்போது, தோட்டத்துக் காமன் கூத்துக்கும் நாட்டுப் பாடலுக்கும் அருகில் இறம்பொடையின் இந்தக் குரலுக்கும் ஓர் இடம் ஒதுக்குதல் தகும். மொழி புரியாதவர்களும் 'மல்பர ஹிமிதிரியே' யை ஒருமுறை அமைதியாகக் கேட்கட்டும். சொற்கள் விளங்காமற் போகலாம். ஆனால், ஒவ்வோர் அடியின் முடிவிலும் அக்குரல் சற்றே தயங்கி இறங்கும் இடத்தில் கேட்பவர் நெஞ்சும் இறங்கும். அதற்கு உரை தேவையில்லை.